இயன்முறைச் சிகிச்சையாளர்: மருத்துவமனைப் பணியும் அதன் பலனும்

திருவனந்தபுரத்தின் தம்பானூர் பகுதியில் சென்ட்ரல் இரயில் நிலையமும், கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பேருந்து நிலையமும் ஒரே சாலையின் இருபுறங்களில் எதிரெதிராக அமைந்துள்ளன. காலை வேளையில் அங்கு சற்று நேரம் நிற்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாது காணலாம். நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை ஆகிய ஊர்களிலிருந்து வரும் பேருந்துகளிலிருந்து இறங்கும் கூட்டத்தில், மருத்துவமனைச் சீட்டும் எக்ஸ்ரே உறையும் ஏந்தியவர்கள் சிலர் எப்போதும் இருப்பர். ஒருவர் மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு இறங்குவார். மற்றொருவரை இரண்டு பேர் தூக்கி இறக்குவர். பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழந்து முணுமுணுப்பார்கள். நடத்துநர் அவசரப்படுத்துவார்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நிருவாக எல்லை மாறினாலும் நோயாளிகளின் பாதை முற்றிலும் மாறிவிடவில்லை. 1951-இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்ட ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், 1981-இல் உருவான மண்டலப் புற்றுநோய் மையம் ஆகியவை ஒரே வளாகத்தையொட்டி அமைந்திருப்பது இதற்கு முக்கியக் காரணமாகும். நாகர்கோவிலுக்கு இரயில் பாதை 1979-இல் அமைந்தது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பின்னரும், சிக்கலான நோய் என்றால் எல்லையைக் கடந்து தம்பானூரில் வந்து இறங்கும் வழக்கம் நீடிக்கிறது.

இந்நோயாளிகளின் கதையில் அறுவை மருத்துவருக்கும் நரம்பியல் நிபுணருக்கும் உரிய இடத்தை அனைவரும் அறிவர். தூக்கி இறக்கப்பட்டவர் திரும்பும்போது தாமே படியேறிப் பேருந்தில் அமர்கிறாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர் மற்றொருவர். பிசியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சையை அளிப்பவரே அவர். மருத்துவமனையில் இப்பணியை வாழ்க்கைத் தொழிலாக ஏற்கும் இளைஞர்கள் எதைக் கற்கிறார்கள், எதைச் செய்கிறார்கள், அவர்களுக்கு எது கிடைக்கிறது, எது கிடைக்காமல் போகிறது என்பன ஆராயத் தக்கவை.

தடவலிலிருந்து தனித் துறையாக

தென் திருவிதாங்கூர்ப் பகுதியில் இத்துறை ஒரு பழைய மரபின் நிழலிலேயே வளர வேண்டியிருந்தது. குமரி மாவட்டத்தின் வர்ம ஆசான்களும், கேரளத்தின் உழிச்சில் வைத்தியர்களும் எலும்பு, நரம்பு, தசை பற்றிய நோய்களுக்கு நெடுங்காலமாகச் சிகிச்சை அளித்து வந்துள்ளனர். கர்க்கடக மாதத்தில் உடலுக்கு எண்ணெயிட்டுத் தடவுவது இன்றும் அங்கு வழக்கமாகும். எனவே, இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுக்கு முதன்முறையாக வரும் நோயாளி, படுத்துக்கொண்டால் போதும், மற்றதைச் சிகிச்சையாளர் செய்துவிடுவார் என்று எதிர்பார்த்து வருகிறார். அவரை எழுப்பி உட்கார வைத்து, ‘நீங்கள்தாம் செய்ய வேண்டும்’ என்று கூறும்போது ஏமாற்றம் அடைகிறார். இந்த ஏமாற்றத்தைக் கடந்து நோயாளியைத் தன் பக்கம் இழுப்பது இத்தொழிலின் முதற்பாடம் எனலாம்.

மேலை நாடுகளிலும் இத்துறை தடவலிலிருந்தே பிறந்தது. 1894-இல் இலண்டனில் நான்கு செவிலியர் கூடி, பயிற்சி பெற்ற தடவற் சிகிச்சையாளர்களுக்காக ஒரு சங்கம் அமைத்தனர். முதல் உலகப் போரில் கை கால் இழந்தவர்களும், பின்னர் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளும் இத்துறைக்கு அறிவியல் வடிவம் கொடுக்கும் தேவையை உண்டாக்கினர். 1951 செப்டம்பர் 8-இல் கோபன்ஹேகனில் உலகக் கூட்டமைப்பு தோன்றியது. நம் நாட்டில் பம்பாய் நகரில் பரவிய இளம்பிள்ளை வாதத்தைத் தொடர்ந்து, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் 1950-களின் தொடக்கத்தில் அந்நகரில் முதற் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. இந்திய இயன்முறைச் சிகிச்சையாளர் சங்கம் 1955-இல் அமைந்தது. இளம்பிள்ளை வாதம் ஒழிந்த நாடாக இந்தியா 2014 மார்ச்சில் சான்று பெற்றது. துறையைப் பிறப்பித்த நோய் மறைந்த பின்னும், துறையின் தேவை குறையாமல் கூடியதே இதில் கவனிக்கத்தக்கது.

தமிழகத்தில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பங்கு தனித்துக் குறிப்பிட வேண்டியதாகும். அங்கு 1940-களின் பிற்பகுதியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை உருவாக்கினார். நலமாயிருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி வேறிடத்தில் பொருத்துவது அம்முறையின் சாரம். கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் நோயாளியின் மூளை ஒரு புதிய செய்தியைக் கற்க வேண்டும். இதுவரை ஒரு காரியத்துக்கு ஏவிய தசையை, இனி வேறு காரியத்துக்கு ஏவக் கற்க வேண்டும். மாவுக்கட்டைப் பிரித்த நாளிலிருந்து பல வாரங்கள் உடன் உட்கார்ந்து, விரல் விரலாக இதைக் கற்பிப்பவர் இயன்முறைச் சிகிச்சையாளர். இக்கல்வி நடைபெறாவிடில், சிறந்த அறுவையும் அழகான தழும்பாகவே எஞ்சும்.

அதே மருத்துவமனையில் பணியாற்றிய, கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளியாகவும் மருத்துவராகவும் பயிற்சிக் கூடத்தின் இருபுறத்தையும் கண்டவர் அவர்.

பக்கவாதப் பிரிவில்

மருத்துவமனை இயன்முறைச் சிகிச்சையாளரின் பணி எத்தகையது என்பதை அறிய, பக்கவாத நோயைப் போலப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை. திருவனந்தபுரத்தில் இதற்கு உறுதியான புள்ளி விவரமும் உண்டு. ஸ்ரீசித்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2005-இல் நடத்தி, 2009-இல் முடிவுகளை வெளியிட்ட திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேட்டின்படி, ஆண்டுதோறும் இலட்சம் பேரில் ஏறத்தாழ 135 பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் ஏற்படுகிறது. இதில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் வேறுபாடு இல்லை என்றே கூறலாம். ஆனால் நோய் கண்ட 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நகர்ப்புறத்தில் 24.5 சதவீதமாகவும், கிராமப்புறத்தில் 37.1 சதவீதமாகவும் இருந்தனர். எஞ்சியவர்கள் பிழைத்தனர். பிழைத்தவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பது அடுத்த கேள்வியாகும். இயன்முறைச் சிகிச்சையாளரின் களம் அங்குதான் தொடங்குகிறது.

முதல் நாளில் அவர் செய்வது வெளிப்பார்வைக்கு மிகச் சிறியது. செயலிழந்த கையின்கீழ் தலையணை வைத்துத் தோள்மூட்டு தொங்காமல் பார்த்துக்கொள்கிறார். இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கச் செவிலியருடன் ஏற்பாடு செய்கிறார். உறவினர் நோயாளியைத் தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது என்று எச்சரிக்கிறார். இழுத்தால் தளர்ந்த மூட்டு நழுவும். பின்னர் மாதக்கணக்கில் தோள்வலி நீடித்து, பயிற்சிக்கே நோயாளி மறுப்பார். அன்பினால் செய்யப்படும் இந்தத் தவறு நம் மருத்துவமனைகளில் சாதாரணமாக நடைபெறுகிறது.

அடுத்து, கட்டிலின் ஓரத்தில் கால் தொங்கவிட்டு அமர்தல். உடலின் நடுப்பகுதி நிலைகொள்ளாமல் கால் நிலைகொள்ளாது. பிறகு நிற்றல், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றுதல், இணைகம்பிகளுக்கிடையே நடத்தல், படியேறுதல். ஒவ்வொரு தசையின் வலிமையும் பூச்சியம் முதல் ஐந்து வரை மதிப்பெண்ணிட்டுக் குறிக்கப்படுகிறது. மூன்று என்றால் புவியீர்ப்பை எதிர்த்து உறுப்பைத் தூக்க முடிகிறது என்று பொருள். இரண்டிலிருந்து மூன்றுக்கு வருவது ஏட்டில் ஓர் இலக்க மாற்றம். நோயாளிக்கோ அது சோற்றுக்கவளத்தை வாய்க்குக் கொண்டுசெல்லும் வழியில் பெருந்தடையைக் கடப்பதாகும்.

எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது என்பதில் சிகிச்சையாளரின் அறிவு சோதிக்கப்படுகிறது. விரைவில் எழுப்புவதே நல்லது என்ற கருத்து நெடுநாள் நிலவியது. ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள் தீவிரமாக எழுப்பி நடமாட வைத்தவர்களில் நல்ல பலன் கண்டவர்கள் 46 சதவீதம் என்றும், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களில் 50 சதவீதம் என்றும் கண்டது. ஆர்வம் மிகுந்து கெடுதல் செய்துவிடவும் கூடும் என்பதை இது உணர்த்திற்று. இதற்காக நோயாளியைப் படுக்கையிலேயே கிடத்திவிடலாம் என்று எவரும் முடிவுகட்டவில்லை. குறைந்த நேரமாக, பல முறையாகப் பிரித்துச் செய்தல் நன்று என்ற தெளிவே ஏற்பட்டது. படித்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் இத்தகைய மாற்றங்கள் எட்டும்.

நம் நாட்டில் நடைபெற்ற மற்றோர் ஆய்வு திட்டமிடுவோர்க்கு மேலும் முக்கியமானதாகும். சிகிச்சையாளர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லாத நிலையில், குடும்பத்தாருக்கே பயிற்சி அளித்து வீட்டில் சிகிச்சை செய்ய வைத்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. 2017-இல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாத முடிவில் இறந்தவர்களும், பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 சதவீதமாகவே இருந்தனர். குடும்பத்தின் பணியைக் குறைவாக மதிப்பிடுவதற்கு இதில் இடமில்லை. ஆனால், பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் இடத்தைச் செலவின்றி நிரப்பும் எளிய வழி ஒன்று கிடைத்துவிட்டதாகக் கருதுவதற்கும் இடமில்லை.

மற்றப் பிரிவுகள்

எலும்பு முறிவு, மூட்டு மாற்றம் ஆகிய பிரிவுகளைப் பலரும் அறிவர். இதய அறுவைக்குப் பின் மூச்சை ஆழ இழுத்துச் சளியை வெளியேற்றப் பழக்குவதும், தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்திலுள்ளவரின் மூட்டுகள் இறுகாமல் காப்பதும் இவர்களுடைய வேலையே. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் தோள் இறுகிப்போவதையும் கை வீங்குவதையும் தடுக்கப் பயிற்சி அளிக்கப்படுகிறது. தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி மூட்டை மடக்கிவிடாமல் பார்ப்பதும், மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்குத் தலை நிற்கவும் உட்காரவும் கற்பிப்பதும் இத்துடன் சேரும். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கோவிட் நோயாளிகளைக் குப்புறப் படுக்கவைத்துச் சுவாசத்துக்கு உதவிய குழுக்களில் இவர்களும் பணியாற்றினர்.

கருவிகளும் வந்துகொண்டிருக்கின்றன. பாதாளச் சாக்கடையைத் தூய்மை செய்யும் எந்திரத்தை உருவாக்கிய திருவனந்தபுரத்து ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம், நடைப்பயிற்சிக்கான ரோபோ ஒன்றையும் வடிவமைத்தது. 2024-இல் அது தலைநகரின் அரசுப் பொது மருத்துவமனையில் நிறுவப்பட்டது. ஒரே அமர்வில் ஒரு நோயாளி எடுக்கும் அடிகளின் எண்ணிக்கையைப் பன்மடங்கு பெருக்க இத்தகைய எந்திரத்தால் இயலும். எந்த நோயாளியை அதில் ஏற்றுவது, எப்போது இறக்கித் தரையில் நடக்கவிடுவது என்ற முடிவு மட்டும் மனிதரிடமே உள்ளது.

படிப்பும் பணியிடமும்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றவர்கள் இப்பட்டப்படிப்பில் சேரலாம். நான்கு ஆண்டுப் படிப்பும் ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சியும் என்பது நெடுநாளைய முறை. 2021-ஆம் ஆண்டின் தேசியத் துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டம் இத்துறைக்கு முதன்முறையாக நாடளாவிய ஒழுங்குமுறையை வகுத்தது. அந்த ஆணையம் 2025-இல் வெளியிட்ட பாடத்திட்டம், ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தாண்டுப் படிப்பாக இதை அமைக்கிறது. சேர்க்கை விதிகள் மாறிவரும் காலமாதலால், விண்ணப்பிப்பவர் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நலம். பட்டத்துக்குப் பின் எலும்பியல், நரம்பியல், இதய நுரையீரல், குழந்தை நலம், விளையாட்டு போன்ற பிரிவுகளில் இரண்டாண்டு மேற்படிப்பு உண்டு.

இவர்கள் பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்று எழுதிக்கொள்ளலாமா என்பது பற்றி 2025 செப்டம்பரில் நாடெங்கும் பெரிய விவாதம் நடைபெற்றது. கூடாது என்று ஒரு கடிதம் வந்தது. மறுநாளே அது திரும்பப் பெறப்பட்டது. இணைகம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நோயாளிக்கு இந்த விவாதம் எட்டியதாகத் தெரியவில்லை.

உண்மையான இடர்ப்பாடு பணியிடங்களில் உள்ளது. கல்லூரிகள் பெருகிய வேகத்துக்கு அரசு மருத்துவமனைகளில் நிரந்தரப் பதவிகள் பெருகவில்லை. கேரளத்தில் அரசுப் பணியாளர் தேர்வாணையமும், தமிழகத்தில் 2012-இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆயினும் ஒவ்வோர் அறிவிப்புக்கும் காத்திருக்கும் ஆண்டுகள் இளைஞரின் வாழ்வில் மிக நீண்டவை. தனியார் நிலையங்கள் பலவற்றில் தொடக்க ஊதியம், நான்கரை ஆண்டுப் படிப்புக்குச் செலவிட்ட குடும்பம் எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவு. ஆகவே வளைகுடா நாடுகளின் உரிமத் தேர்வுக்கோ, பிரிட்டனின் பதிவுக்கோ தயாராவது பட்டம் பெற்ற மறுநாளே தொடங்கிவிடுகிறது. இதைக் குறைகூற முடியாது. ஆனால் மக்கள் தொகையில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படியே 12.6 சதவீதமாக இருந்த கேரளத்துக்கு, அவ்வாண்டில் இந்தியச் சராசரி 8.6 சதவீதமே என்பதை எண்ணிப் பார்க்கையில், இது சிறிய இழப்பாகாது.

மற்றோர் இடைவெளி காப்பீட்டில் உள்ளது. 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதம மந்திரி மக்கள் நலத் திட்டம், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான தொடர் செலவும் அதில் அடங்கும். புறநோயாளிச் சிகிச்சை அடங்காது. பக்கவாதத்தில் உடல் மிகுதியாகத் தேறும் காலம் முதல் மூன்று மாதங்களாகும். அதாவது, அறுவைக்கும் மருந்துக்கும் பொதுப்பணம் தாராளமாகச் செலவாகிறது. அச்செலவு பலனாக முதிரும் பருவத்தில் குடும்பம் தனித்து விடப்படுகிறது. வாரத்துக்கு மூன்று நாள் வீதம் 12 வாரங்கள் மருத்துவமனைக்கு வருவதென்றால் 36 பயணங்கள். உடன் வருபவர் கூலித் தொழிலாளியாயின் 36 நாள் கூலியும், இருவரின் பேருந்துக் கட்டணமும் இழப்பு. மார்த்தாண்டத்தை அடுத்த ஓர் ஊரில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் குடும்பம் ஐந்தாவது பயணத்திலோ ஆறாவது பயணத்திலோ நின்றுவிடுவதில் வியப்பில்லை. மருத்துவமனை ஏட்டில் அவர் ‘தொடர்ந்து வரவில்லை’ என்று குறிக்கப்படுகிறார்.

இவ்வகையில் தமிழகம் மேற்கொண்ட ஒரு முயற்சி கவனத்துக்குரியது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்தத்துக்கான மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு செல்கிறது. கேரளம் 2008-இல் வகுத்த வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சைக் கொள்கையின் வழியே உள்ளாட்சி மன்றங்களின் இல்லப் பராமரிப்புக் குழுக்கள் படுக்கையிலுள்ளோரின் வீடுகளுக்குச் செல்கின்றன. எல்லையின் இருபுறமும் இரு வேறு ஏற்பாடுகள் உள்ளன. திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்றுக் குமரி மாவட்டத்துக்குத் திரும்பும் நோயாளி ஓர் ஏற்பாட்டிலிருந்து மற்றோர் ஏற்பாட்டுக்கு மாறும்போது, அவரைப் பற்றிய குறிப்பும் உடன் செல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதப்பட்ட சிகிச்சைக் குறிப்பு போதும். அதை எழுத வேண்டியவர் மருத்துவமனை இயன்முறைச் சிகிச்சையாளரே.

ஆண்டுகள் செல்லச் செல்ல

மருத்துவமனையில் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளை எல்லாப் பிரிவுகளிலும் சுற்றிப் பணியாற்றக் கிடைத்தால், சிறிது குறைந்த ஊதியத்திலாயினும், அது நல்ல முதலீடு என்று மூத்த சிகிச்சையாளர்கள் கூறுவர். தனி நிலையத்தில் முதுகுவலியும் முழங்கால் வலியுமே திரும்பத் திரும்ப வரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்த அழுத்தம், பிராணவாயு அளவு ஆகியவற்றைப் பார்த்து ‘இன்று வேண்டாம்’ என்று முடிவு செய்யும் துணிவு அங்கு வாராது. மருத்துவரிடமும் செவிலியரிடமும் நோயாளியின் நிலையை இரண்டு வாக்கியங்களில் கூறக் கற்பதும் மருத்துவமனையில்தான்.

திருவனந்தபுரத்தில் இத்தொழிலுக்கு மொழி ஒரு கருவியாகும். பக்கவாதத்தால் பேச்சும் புரிதலும் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு, கற்ற மொழியைவிடத் தாய்மொழியின் சிறு சொற்களே முதலில் எட்டுவதை அடிக்கடி காணலாம். ‘மூச்சை இழு’, ‘காலை ஊன்று’, ‘விடாதே’ என்பவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் நோயாளியின் வட்டார வழக்கிலேயே சொல்லத் தெரிந்தவர், அதிகப் பட்டம் பெற்றவரையும் விஞ்சிவிடுவார்.

இத்தொழிலின் ஆபத்து ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை. நாள்தோறும் நோயாளிகளைத் தூக்கி, தாங்கி, குனிந்து பணியாற்றுவதால் சிகிச்சையாளரின் முதுகும் தோளும் மணிக்கட்டும் தேய்கின்றன. பிறரின் முதுகைக் காக்கக் கற்றவர் தம் முதுகைப் பற்றி நாற்பது வயதில் எண்ணத் தொடங்குகிறார். உயரம் மாற்றக்கூடிய கட்டில், நோயாளியை இடம் மாற்றும் பலகை, இடுப்புப் பட்டை போன்ற எளிய சாதனங்களைக் கேட்டுப் பெறுவது சலுகையன்று. பணிக்காலத்தை நீட்டிக்கும் வழியாகும். கொள்முதல் குழுக்கள் விலையுயர்ந்த மின்கருவிகளுக்குக் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கையாவது இவற்றுக்குக் காட்டலாம்.

பத்து ஆண்டுகளைக் கடந்தவர்கள் ஒரு பிரிவில் ஊன்றி நிற்கின்றனர். கற்பிக்கின்றனர், ஆய்வுகளில் பங்கு பெறுகின்றனர், தீவிர சிகிச்சைக் குழுவில் அவர்களுடைய சொல்லுக்கு மதிப்பு ஏற்படுகிறது. ஆனால் பதவி உயர்வுப் படிகள் குறைவாக உள்ளமையால், திறமைக்கேற்ற உயர்வு கிடைக்காமல் ஒரே பதவியில் ஓய்வு பெறுவோரும் உண்டு. இதற்கு ஒரு காரணம், இவர்களது பணி அளக்கப்படும் முறை. மாத அறிக்கையில் எத்தனை பேருக்கு மெழுகுச் சிகிச்சை, எத்தனை பேருக்கு மின் தூண்டல், எத்தனை அமர்வுகள் என்றுதான் கணக்கு கேட்கப்படுகிறது. எத்தனை பேர் வீட்டில் தாமே குளிக்கிறார்கள், எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள் என்று கேட்கப்படுவதில்லை. அமர்வுகளின் எண்ணிக்கையைக் காட்டி நிதித்துறையிடம் புதிய பதவி கேட்பது கடினம். வேலைக்குத் திரும்பியவர்களின் எண்ணிக்கையைக் காட்டினால் வாதம் வேறாக அமையும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் இயக்கக் குறைபாடுடையோர் மட்டும் 54 இலட்சத்துக்கு மேல் இருந்தனர். அவர்களில் ஒரு சிறு பகுதியினர் தம் உழைப்பை மீட்டாலும் அதன் பொருளாதார மதிப்பு பெரிது.

இந்த இரண்டாவது கணக்கை எவரும் கேட்காதபோதும் தாமே எழுதி வைக்கும் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். இத்தொழிலில் நீண்ட நாள் மனநிறைவோடு நிலைப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. நோயாளி எந்த ஊர், என்ன தொழில், வீட்டில் எத்தனை படி, கழிப்பிடம் எங்கே, தரையில் அமர்ந்து உண்பவரா என்று முதல் நாளிலேயே கேட்டுக் குறித்துக்கொள்கின்றனர். ரப்பர் வெட்டுபவருக்கு ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு ஏற்ற இறக்கத்தில் நடக்க வேண்டும். குனிந்து கத்தியை நிதானமாக இழுக்கவும் வேண்டும். மீனவருக்கு அசையும் படகில் நிற்க வேண்டும். இருவருக்கும் ஒரே அட்டவணைப் பயிற்சி பொருந்தாது.

பயிற்சிக் கூடங்களில் உள்ள மரப்படிகள் பொதுவாக ஒரு சாணுக்கும் குறைந்த உயரமுள்ளவை. அவற்றில் ஏறி இறங்கிக் காட்டிய நோயாளி ‘படியேறுகிறார்’ என்ற குறிப்புடன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். தம்பானூரில் அவர் ஏற வேண்டிய பேருந்தின் முதற்படியோ தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு முழ உயரத்தில் உள்ளது. பிடித்துக்கொள்ளும் கம்பி, பல நேரங்களில் அவருக்கு வலுவில்லாத கையின் பக்கம் அமைகிறது. அந்த உயரத்தில் ஒரு படியும் பக்கவாட்டில் ஒரு கம்பியும் அமைக்க மருத்துவமனைத் தச்சருக்கு ஒரு நாள் போதும். நோயாளியை அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பே அதில் பழக்கத் தொடங்கலாம்.